யொருபா கலையும் ராபர்ட் ஃபாரிஸ் தாம்சனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலை வரலாறு படிக்கும் மாணவர்களும், ஏதோ ஒரு அருங்காட்சியகத்தின் மேற்கு ஆப்பிரிக்கக் கூடத்தில் சற்றுநேரம் குழம்பி நின்றவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. யொருபா கலையை ஆராய்ந்தவர்கள் பலர். அவர்களில் ஒருவருடைய வாழ்க்கைத் தொழிலைப் பிடித்துக்கொண்டு போனால் துறை முழுவதையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம் என்பதால் தாம்சனை எடுத்துக்கொண்டேன். அவரிடம் எனக்குச் சில மனத்தாங்கல்களும் உண்டு. அவற்றையும் சொல்லியிருக்கிறேன்.

தாம்சன் யார்?

அமெரிக்கக் கலை வரலாற்றாளர். 1932 டிசம்பர் 30 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரில் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் படித்து, 1965இல் அங்கேயே முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் பாடம் நடத்தினார். 2021 நவம்பர் 29 அன்று, 88 வயதில், நியூ ஹேவனில் காலமானார். படித்த இடம், வேலை பார்த்த இடம், இறந்த ஊர் எல்லாம் ஒரே வட்டாரம். ஆனால் நடுவில் அவர் அலைந்த தூரம் அதிகம்: நைஜீரியா, பெனின், காங்கோ, கியூபா, பிரேசில், ஹைட்டி.

யொருபா என்பது நாடா, மொழியா, மதமா?

மக்கள், அவர்கள் மொழி, அவர்கள் பண்பாடு மூன்றுக்கும் அதுவே பெயர். நைஜீரியாவின் தென்மேற்கிலும், எல்லை தாண்டிப் பெனின் குடியரசிலும், டோகோவிலும் வாழ்கிறார்கள். எண்ணிக்கை நான்கு கோடிக்கு மேல். இலே-இஃபே அவர்களுக்கு உலகம் தோன்றிய ஊர். லாகோஸ், இபாதான், அபேயோகுட்டா, ஓயோ என்று நகரம் நகரமாக, ஒவ்வொன்றிலும் மன்னர், அரண்மனை, சந்தை என்று வாழ்ந்து பழகியவர்கள். 'பழங்குடிக் கலை' என்ற பழைய பெட்டிக்குள் இவர்களை அடைத்ததே முதல் தவறு.

பெனின் வெண்கலங்கள் யொருபா கலைதானா?

இல்லை. அவை எடோ மக்களின் பெனின் அரசைச் சேர்ந்தவை. 1897இல் பிரிட்டிஷ் படை கொள்ளையடித்துப் போனவை. அந்த அரசு இருந்த பெனின் நகரம் இன்று நைஜீரியாவில் இருக்கிறது. பெனின் குடியரசு வேறு, பக்கத்து நாடு. பெயர்க் குழப்பத்தால் தேர்வில் மதிப்பெண் இழந்தவர்கள் நிறையப் பேர்.

டெக்சாஸ் பையனுக்கு யொருபா மக்களோடு என்ன தொடர்பு?

மாம்போ என்ற கியூப நடன இசைதான். எல் பாசோ மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஊர். ஸ்பானிய மொழி காதில் விழுந்துகொண்டே வளர்ந்த பையன். 1950இல், பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில், குடும்பத்தோடு மெக்சிகோ நகரம் போனபோது அங்கே மாம்போ இசையைக் கேட்டார். அன்றைக்குப் பிடித்தது, எழுபது ஆண்டு விடவில்லை. யேலில் படிக்கும்போது நியூயார்க்கின் பலேடியம் நடனக் கூடத்துக்குப் போவதும், கியூபத் தாளங்களைக் கைவரச் செய்துகொள்வதுமாக இருந்தார். 1959இல் அவர் தாளம் வாசித்த ஓர் இசைத்தட்டுகூட வெளியானது.

இசைக்காரராகவே நின்றிருக்கலாம். ஆனால் அவரைக் கேள்வி ஒன்று அரித்தது: இந்தத் தாளம் எங்கிருந்து வந்தது? கியூபாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு முனை காங்கோவிலும் இன்னொரு முனை யொருபா நாட்டிலும் போய் முடிகிறது. காதால் தொடங்கியவர் கண்ணுக்கு வந்து சேர்ந்தார். சிற்பத்தை ஆராய வந்தவர்களில் பலர் அருங்காட்சியகத்திலிருந்து தொடங்கினார்கள். இவர் ஆடல் அரங்கிலிருந்து வந்தார். பின்னால் அவர் எழுதியதன் பலமும் சரி, பலவீனமும் சரி, இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

அப்போது ஆப்பிரிக்கக் கலையைப் பல்கலைக்கழகத்தில் படிக்க முடிந்ததா?

முடிந்தது, ஆனால் அரிது. ஆப்பிரிக்கக் கலையில் அமெரிக்காவின் முதல் முனைவர் பட்டமே 1957இல்தான் வந்தது. அயோவா பல்கலைக்கழகத்தில் ராய் சீபர் பெற்றார். தாம்சன் அவருக்கு அடுத்து வந்த விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரில் ஒருவர். யேலில் அப்போது கொலம்பஸ் காலத்துக்கு முந்தைய அமெரிக்கக் கலையில் பெரும் பெயர் பெற்ற ஜார்ஜ் குப்ளர் இருந்தார். ஐரோப்பாவுக்கு வெளியேயும் கலை வரலாறு உண்டு என்று நம்பிய ஆசிரியர் ஒருவர் அருகில் இருந்தது பெரிய வசதி.

அதற்கு முன்னால் நடந்தது என்ன என்று தெரிந்தால்தான் இந்த மாற்றத்தின் அளவு புரியும். 1910இல் ஜெர்மானியர் லியோ ஃப்ரோபீனியஸ் இலே-இஃபேவுக்குப் போனார். அங்கே கிடைத்த சுடுமண் தலைகளும் உலோகத் தலை ஒன்றும் அத்தனை நுட்பமாக இருந்தன. உள்ளூர்க்காரர்களின் முன்னோர் செய்தது என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. மூழ்கிப்போன அட்லாண்டிஸின் கிரேக்கக் குடியேற்றம் என்று கதை கட்டினார். 1938இல் அதே ஊரில் வீடு கட்ட மண் தோண்டியபோது இன்னும் பல உலோகத் தலைகள் வெளிவந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டுக்குள் இஃபே மக்களின் கைகளே அவற்றை வார்த்தன என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. ஆனாலும் 1960 வரைக்கும்கூட ஒரு பழக்கம் போகவில்லை: சிற்பத்தைப் பார்ப்பவர் வெளிநாட்டவர், அழகு உண்டா இல்லையா என்று சொல்பவரும் வெளிநாட்டவர். செய்தவரிடமும் வணங்கியவரிடமும் யாரும் கேட்டதில்லை.

தாம்சன் களத்தில் என்னதான் செய்தார்?

கேட்டார். 1962 முதல் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு தென்மேற்கு நைஜீரியாவில் ஊர் ஊராகத் திரிந்தபோது அவர் செய்த காரியங்களில் மிக எளியதும் மிகப் பயன் தந்ததும் அதுதான். ஊர்ப் பொதுவிடத்தில் சில சிற்பங்களை நிறுத்தி வைப்பார். கூட்டம் கூடும். 'இவற்றில் எது நன்றாக இருக்கிறது, வரிசைப்படுத்துங்கள். ஏன் என்றும் சொல்லுங்கள்' என்பார். சொல்பவருக்குச் சிறு தொகை கொடுப்பார்.

'ஏன்' என்ற அந்தச் சொல்லில்தான் சூட்சுமம். 'பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை' என்று சொல்லிவிட்டுப் போகிற கூட்டமாக அது இருந்திருந்தால் அவருடைய ஆய்வேடு அன்றே முடிந்திருக்கும். ஆனால் உழவரும் வந்தார், ஊர்த் தலைவரும் வந்தார், சிற்பியும் வந்தார். வந்தவர்கள் காரணம் சொன்னார்கள். கண் இன்னும் தெளிவாக வெட்டப்பட வேண்டும், முதுகு வளைந்திருக்கிறது, இந்தப் பெண்ணின் உடம்பு கிழவியின் உடம்பு போலிருக்கிறது, இங்கே மழுமழுப்பு போதாது. ஒருவர் சொன்ன சொல்லையே முப்பது கல் தள்ளி இன்னொரு ஊர்க்காரரும் சொன்னார். அப்படியென்றால் இது தனி மனிதரின் ரசனை அல்ல. ஒரு சமூகம் பேசிப் பேசிப் பழக்கிவைத்திருக்கிற கலைச்சொல் தொகுதி. அழகை அறிந்தவருக்கு யொருபாவில் 'அமேவா' என்று ஒரு பெயரே இருக்கிறது. பெயர் இருக்கிறதென்றால் ஆளும் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

இதை எழுத்தாக்கி 1973இல் 'யொருபா கலை விமரிசனம்' என்ற தலைப்பில் ஒரு நீண்ட கட்டுரையாக வெளியிட்டார். அவர் பின்னால் எழுதிய தடித்த புத்தகங்கள் எல்லாவற்றையும்விட இந்தக் கட்டுரைதான் பெரிது என்பது என் எண்ணம். ஆப்பிரிக்கச் சிற்பத்துக்கு ஆப்பிரிக்கர்களே விமரிசகர்கள் என்று அதற்கு முன்னும் சிலர் சொன்னதுண்டு. இவ்வளவு சான்றுகளைக் குவித்து யாரும் வைத்ததில்லை.

அவர்கள் சொன்ன அளவுகோல்கள் என்னென்ன?

நீண்ட பட்டியல். முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஜிஜோரா: சாயல். ஆனால் அளவோடு. அசல் மனிதர் போலவே செதுக்கினால் அது யாரோ ஒருவரின் உருவமாகிவிடும். சாயலே இல்லாவிட்டால் மரக்கட்டை. இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

இஃபராஹன்: தெளிவாகத் தெரிதல். மரத்தில் முதலில் பெரிய வடிவங்களை வெட்டி எடுத்த பிறகு, இமை, உதடு, காது, தலைப்பின்னல் ஆகியவற்றைக் கூரிய கோடுகளால் பிரித்துக் காட்டுகிற வேலை.

டிடான்: பளபளப்பு. வெளிச்சம் பட்டால் மேடு ஒளிர வேண்டும், பள்ளம் நிழலாக வேண்டும். நன்றாக இழைத்த பரப்பில்தான் இது நடக்கும்.

நிமிர்ந்து நிற்பதும் இரு பக்கமும் ஒத்திருப்பதும் இதே வரிசையில் வரும். பிறகு 'ஒடோ', அதாவது இளமை. தொண்ணூறு வயது மன்னரைச் செதுக்கினாலும் கட்டான தேகத்தோடுதான் செதுக்க வேண்டும். பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்த மனிதர் எந்த வயதில் முழு வலிமையோடு இருந்தாரோ, அந்த வயதுதான் அவருடைய உண்மையான வயது என்பது கணக்கு.

'இத்துத்து' என்றால் என்ன? 'கூல்' என்று மொழிபெயர்க்கிறார்களே?

தாம்சன் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது இதுதான். இத்துத்து என்றால் குளிர்ச்சி. யொருபா சிற்பங்களின் முகத்தைப் பாருங்கள். குதிரை மேல் போர்வீரன், மண்டியிட்டுப் பிள்ளையை ஏந்திய தாய், தலையில் இரட்டைக் கோடரி முளைத்த, இடித் தெய்வம் ஷாங்கோவின் அடியார், யாராக இருந்தாலும் வாய் மூடியிருக்கும், முகத்தில் பதற்றம் இருக்காது. மேளம் உச்சத்தில் முழங்கும்போதும் நல்ல ஆட்டக்காரரின் முகம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பார்கள். சூடு அழிவின் பக்கம். குளிர்ச்சி அமைதியின், உடல்நலத்தின், நல்ல ஆட்சியின் பக்கம். கொதிக்கிற தெய்வங்களுக்குக் குளிர்ந்த நீர் வார்ப்பதும் இதனால்தான்.

ஆங்கிலத்தில் இதை விளக்க அவர் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது. அந்த மொழியின் சொல் அலட்சியத்தையும் நாகரிகப் பகட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். நமக்கு அந்தச் சிரமம் கிடையாது. 'கண்குளிரக் கண்டேன்', 'மனம் குளிர்ந்தது', 'வயிறு குளிர்ந்தது' என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு, கோபமாக இருக்கும் அம்மனுக்குக் குடம் குடமாக நீர் ஊற்றுவதைப் பார்த்தவர்களுக்கு, குளிர்ச்சி எப்படி ஒரு நற்குணமாகும் என்று யாரும் விளக்க வேண்டாம். இதை வைத்து யொருபாவும் தமிழும் உறவு என்று யாராவது கிளம்பிவிட வேண்டாம். வெயில் கடுமையான ஊர்களில் இந்த உருவகம் தானாகவே முளைக்கும்.

சிற்பங்களில் தலை ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?

அளவு தெரியாமல் செய்ததல்ல. உடல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ தலைக்குப் போகும். தலைக்கு 'ஒரி' என்று பெயர். வெளித்தலைக்குள் ஓர் உள்தலை இருக்கிறது. பிறப்பதற்கு முன்பே ஒவ்வொருவரும் தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்த விதி அது. தலையெழுத்து என்று நாம் பிரம்மனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டோம். அவர்கள் கணக்கில் தலையைத் தேர்ந்தெடுத்தவர் அவரவரே.

இந்தச் சிற்பிகளுக்குப் பெயர் கிடையாதா? அருங்காட்சியகங்களில் 'கலைஞர் பெயர் தெரியவில்லை' என்றுதானே எழுதியிருக்கிறார்கள்?

பெயர் இருந்தது, வாங்கிக்கொண்டு போனவர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். இந்த ஒரு வரியை அச்சிட்டுக் கண்ணாடிப் பெட்டிகளின் மேல் ஒட்டலாம்.

தாம்சன் 1969இல் எழுதிய கட்டுரை ஒன்று முழுக்க முழுக்க ஒரே ஒரு குயவரைப் பற்றியது. ஓகே-ஓடான் ஊரைச் சேர்ந்த அபாட்டான் என்ற பெண்மணி. எயின்லே என்ற நீர்த் தெய்வத்துக்கு, மூடியில் பெண் உருவம் அமர்ந்திருக்கும் பானைகளைச் செய்தவர். மறுமலர்ச்சிக் கால இத்தாலிய ஓவியரைப் பற்றி எழுதும்போது என்ன செய்வார்களோ அதையே தாம்சன் செய்தார்: ஆசிரியர் யார், இளமைக் காலப் பானை எப்படி, முதிர்ந்த கைவேலை எப்படி மாறியது. ஓர் ஆப்பிரிக்கக் கலைஞரின் கைவளர்ச்சியைக் காலவரிசையில் எழுதலாம் என்பதே அன்று பலருக்குப் புதிய செய்தி.

சிற்பிகளில் இசே ஊர் ஒலோவேயைச் சொல்ல வேண்டும். 1938இல் இறந்தவர். இகேரே அரண்மனைக்கு அவர் செதுக்கிய கதவு 1924இல் லண்டன் வெம்ப்ளி கண்காட்சிக்குப் போனது. பல்லக்கில் வரும் பிரிட்டிஷ் அதிகாரி ஒரு கதவில், அரியணையில் அமர்ந்து அவரை வரவேற்கும் மன்னர் மறு கதவில். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் விலைக்குக் கேட்டது. மன்னர் விற்கவில்லை, பிரிட்டனில் செய்த ஓர் அரியணைக்குப் பண்டமாற்றாகக் கொடுத்தார். ஒலோவே இறந்து ஐம்பது ஆண்டு கழித்து, 1988இல், அவருடைய மனைவியரில் ஒருவர் ஆய்வாளர் ஜான் பெம்பர்டனிடம் கணவரின் புகழ்ப்பாட்டைப் பாடிக் காட்டினார். வைரம் பாய்ந்த இரோக்கோ மரத்தைச் சுரைக்குடுக்கை போலச் செதுக்குகிறவர் என்று அதில் வருகிறது. பெயர் தெரியவில்லை என்று எழுதியவர்கள் ஐம்பது ஆண்டும் அந்த வீட்டுக் கதவைத் தட்டவில்லை.

முகமூடியைத் தனியாகக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதில் என்ன தவறு?

நாதசுவரத்தைச் சுவரில் மாட்டி வைத்துவிட்டு 'இதுதான் இசை' என்று சொல்வது எப்படி இருக்கும்? கெலெடே முகமூடி தலைக்கு மேல் வைத்து ஆடுவது. உடல் முழுக்கத் துணி, காலில் சலங்கை, கூட மேளம். ஆண்கள் ஆடுவார்கள், ஆனால் ஆட்டம் தாய்மார்களின், மூதாட்டிகளின் மறைவான ஆற்றலைப் பணிந்து குளிர்விப்பதற்கு. கெலெடேயைப் பார்த்த கண் காட்சியின் எல்லையைப் பார்த்துவிட்டது என்று யொருபாவில் ஒரு வழக்கு உண்டு.

1974இல் வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் தாம்சன் நடத்திய 'இயக்கத்தில் ஆப்பிரிக்கக் கலை' கண்காட்சியின் கருத்து இதுதான். கேத்தரின் வைட் என்பவரின் சேகரிப்பிலிருந்த பொருள்களை வைத்து, ஆட்டத்தின் படக்காட்சிகளையும் கூடத்துக்குள் கொண்டுவந்தார். நிற்பது, உட்காருவது, மண்டியிடுவது, தலையில் சுமப்பது என்று உடலின் நிலைகளை வைத்தே நூலையும் பிரித்தார். மாம்போ ஆடிய கால் இங்கே உதவியது. சிற்பம் என்பது நின்றுபோன ஆட்டம், ஆட்டம் என்பது நடக்கிற சிற்பம் என்ற பார்வை நூலகத்தில் மட்டும் உட்கார்ந்திருப்பவருக்கு வராது.

வகுப்பில் எப்படிப்பட்டவர்?

மேசையில் தாளம் போடுவார், ஆடிக் காட்டுவார், பாடுவார். மாணவர் கூட்டம் அலைமோதும். 1978 முதல் 2010 வரை யேலின் டிமோத்தி டுவைட் விடுதிக் கல்லூரிக்கு அவரே தலைவர். 'மாஸ்டர் டி' என்று அழைத்தார்கள். அந்தக் கல்லூரியின் உற்சாக முழக்கமாகவே 'அஷே' என்ற யொருபாச் சொல்லை ஆக்கிவிட்டார். சொன்னது நடக்கச் செய்கிற ஆற்றலுக்குப் பெயர் அஷே. வேண்டுதலின் முடிவில் 'அப்படியே ஆகட்டும்' என்ற பொருளிலும் சொல்வார்கள். விளையாட்டுத் திடலில் அமெரிக்க மாணவர்கள் அதைக் கத்துவதை யொருபாப் பெரியவர் ஒருவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பாரா, முகம் சுளித்திருப்பாரா என்று நான் யோசித்ததுண்டு.

'ஃப்ளாஷ் ஆஃப் த ஸ்பிரிட்' என்ற நூலை ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

1983இல் வந்த நூல். அடிமைக் கப்பல்களில் மனிதர்கள் மட்டுமா போனார்கள், கலையும் தத்துவமும் கூடவே போயின என்பது அதன் வாதம். யொருபா, காங்கோ, தஹோமேயும் (இன்றைய பெனின் குடியரசுப் பகுதி) ஹைட்டியும், மாண்டே, எஜாகம் என்று ஐந்து பெரும் பண்பாடுகளை எடுத்துக்கொண்டு அட்லாண்டிக்கின் இரு கரையையும் ஒன்றாக வைத்துப் படித்தார். 'கறுப்பு அட்லாண்டிக்' என்ற சொற்றொடர் பரவியதில் இவர் பங்கு பெரியது.

யொருபா அத்தியாயத்துக்கு வலுவான வரலாற்றுப் பின்னணி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓயோ பேரரசு சிதைந்தது; உள்நாட்டுப் போர்களில் பிடிபட்டவர்கள் ஆயிரக்கணக்கில் கியூபாவுக்கும் பிரேசிலின் பாஹியாவுக்கும் விற்கப்பட்டார்கள். அவர்களோடு ஒகுன், ஷாங்கோ, யெமோஜா ஆகிய ஒரிஷாத் தெய்வங்கள் கடல் கடந்தன. ஹவானாவில் கத்தோலிக்கப் புனிதர்களின் படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. பாஹியாவில் யெமோஜா இன்றைக்கும் இயமாஞ்சா என்ற பெயரில் கடலோரத்தில் பூ வாங்கிக்கொள்கிறாள்.

ஓவியர் ஜான்-மிஷேல் பாஸ்கியா இந்த நூலை விரும்பிப் படித்தார். தாம்சனும் அவரைப் பற்றி எழுதினார். ஓவியர் கீத் ஹேரிங்கோடும் நட்பு இருந்தது. ஒரு கலை வரலாற்று நூல் ஓவியரின் பட்டறைக்குள் போய் வேலை செய்வது எப்போதாவதுதான் நடக்கும்.

என் மனத்தாங்கல் இங்கேதான். அறுபதுகளில் ஊர்ப் பொதுவிடத்தில் நின்று 'ஏன்' என்று கேட்டவர், எண்பதுகளில் விமானத்தின் சன்னலிலிருந்து பார்ப்பவர் போல எழுதத் தொடங்கிவிட்டார். அமெரிக்கத் தென்மாநிலத்து வீட்டு மரத்தில் பாட்டில்கள் தொங்குகின்றன; உடனே காங்கோ. ஒரு வளைவு இங்கும் அங்கும் ஒத்திருக்கிறது, உடனே தொடர்பு. பல இடங்களில் அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒப்புமையைக் காட்டுவது வேறு, வந்த வழியைக் காட்டுவது வேறு. அபாட்டானின் பானைகளை அடுக்கி வைத்த பொறுமை இந்த நூலில் குறைவு. உற்சாகம் அதிகம், அதனால்தான் விற்பனையும் அதிகம்.

வெளியூர்க்காரர், அதிலும் வெள்ளையர், யொருபா அழகைப் பற்றிப் பேசலாமா?

பேசலாம். எவ்வளவு தூரம் போக முடியும் என்பதுதான் கேள்வி. அதற்கு நல்ல பதில் ரோலண்ட் அபியோடுன் எழுத்தில் இருக்கிறது. யொருபா நாட்டின் ஓவோவில் வளர்ந்தவர். இஃபே பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்து, பிறகு அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக்குப் போனவர். 2014இல் வந்த அவருடைய 'யொருபா கலையும் மொழியும்' நூலின் வாதத்தைத் தமிழில் சொன்னால்: மொழி தெரியாமல் சிலையைப் பார்ப்பவன் பாதிச் சிலையைத்தான் பார்க்கிறான்.

யொருபா மூன்று சுரங்களில் பேசப்படும் மொழி. 'ஒகோ' என்று நாம் எழுதிவிடுகிற ஒரே எழுத்துக்கூட்டல், குரலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக் கணவன், மண்வெட்டி, வண்டி, ஈட்டி என்று நான்காகப் பிரியும். பேசும் மேளங்கள் பேசுவதும் இந்தச் சுரங்களை வைத்துத்தான். இப்படிப்பட்ட மொழியில் சிற்பத்தைச் சுற்றி ஒரிக்கி என்ற புகழ்ப்பாட்டுகளும், பழமொழிகளும், குறி சொல்லும் இஃபாவின் 256 அத்தியாயங்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அபியோடுனுக்கு ஒரிக்கி சிற்பத்துக்கான விளக்கவுரை அல்ல. சிற்பமே கண்ணால் பார்க்கிற ஒரிக்கி. 'இவா லெவா' என்ற தொடரையும் அவர் இப்படியே திறந்து காட்டுகிறார். எவா என்றால் அழகு. இவா என்றால் குணம், கூடவே இருப்பு என்றும் பொருள். ஒரு பொருள் தன் இயல்புக்கு உண்மையாக இருப்பதே அதன் அழகு. அழகான முகமும் மோசமான நடத்தையும் உள்ளவரை, உள்ளீடற்ற மரப்பொம்மை என்று ஒதுக்கிவிடுவார்கள்.

இதை ஏற்றுக்கொண்டால் தாம்சனின் சொல்பட்டியல் செல்லாததாகிவிடுமா? ஆகாது. அவர் வாசல் வரை கூட்டிப் போனார். பூட்டு எங்கே இருக்கிறது என்றும் காட்டினார். சாவி மொழியில் இருந்தது. அது அபியோடுன் போன்றவர்களின் இடுப்பில் முன்பிருந்தே தொங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒலிபெருக்கி முதலில் யார் கைக்குப் போயிற்று என்பதில் ஓர் அநியாயம் இருக்கத்தான் செய்கிறது.

வேறு யாரைப் படிக்க வேண்டும்?

கெலெடே வேண்டுமென்றால் பாபடுண்டே லவால். நைஜீரியாவில் பட்டம் பெற்று, இந்தியானா பல்கலைக்கழகத்தில் 1970இல் முனைவரானவர். கெலெடே பற்றிய அவருடைய நூல் 1996இல் வந்தது. பழைய சேகரிப்புகளில் சிற்பிகளின் கைகளைப் பிரித்தறிந்த பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் வில்லியம் ஃபாக், இஃபே தொல்லியலுக்கு ஃபிராங்க் வில்லெட்.

ஹென்றி டிரூவால் தனி ரகம். 1964இல் அமெரிக்க அமைதிப்படைத் தொண்டராக நைஜீரியாவுக்குப் போனவர், யொருபாச் சிற்பி ஒருவரிடம் சீடராக உட்கார்ந்து மரம் செதுக்கக் கற்றுக்கொண்டார். குருவின் பேச்சைவிட வாச்சியின் வீச்சிலிருந்து கற்றது அதிகம் என்பார். பின்னாளில் கண் மட்டுமின்றி ஐம்புலன்களாலும் கலையைப் படிக்க வேண்டும் என்று அவர் வாதிட்டதற்கு விதை அந்த மரத்தூளில் விழுந்தது.

இந்தியாவுக்கும் இந்த ஆய்வுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, டிரூவால் வழியாகவே. மாமி வாட்டா என்று மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரை முழுக்க வணங்கப்படும் நீர்த் தெய்வம் ஒன்று இருக்கிறது. அதன் புகழ்பெற்ற உருவம், பாம்பைத் தோளில் சுற்றிய நீள்கூந்தல் பெண், 1880களில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் அச்சான பாம்பாட்டிப் பெண்ணின் விளம்பரப் படம். 1955இல் அதே படத்தைப் பம்பாயின் ஸ்ரீராம் காலண்டர் கம்பெனி மறுபடி அச்சடித்துக் கானாவின் குமாசிக்கு அனுப்பியது, 12,000 பிரதிகள். இந்திய வணிகர்களின் கடைகள் வழியாகப் போன நம் சாமி படங்களும் டோகோ, பெனின் கோயில்களுக்குள் நுழைந்தன. மூன்று தலைத் தத்தாத்ரேயர் அங்கே டென்சு என்ற நீர்த் தெய்வமாக வழிபாடு பெறுகிறார். சிவகாசியை அறிந்த நமக்குக் காலண்டர் படம் கடவுளாவதில் வியப்பு இருக்காது. போன தூரம்தான் வியப்பு.

அதே டிரூவால் பிறகு கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்களிடம் வந்து, அவர்களுடைய பெண்கள் பழந்துணிகளை ஒட்டித் தைக்கும் போர்வைகளை ஆராய்ந்தார்.

இத்துறையில் இறங்க வேண்டுமானால்?

முதலில் யொருபா மொழி. பட்டம், கட்டுரை, உதவித்தொகை எல்லாம் அதற்குப் பிறகு. இலே-இஃபேயில் உள்ள ஒபாஃபெமி அவோலோவோ பல்கலைக்கழகமும் இபாதான் பல்கலைக்கழகமும் இருக்கும்போது அமெரிக்காவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கலிபோர்னியாவிலிருந்து 1967 முதல் வரும் 'ஆப்பிரிக்கன் ஆர்ட்ஸ்' இதழின் பழைய தொகுப்புகளைப் புரட்டுங்கள். வேலைவாய்ப்பு என்று பார்த்தால் பல்கலைக்கழகம், அருங்காட்சியகம் இரண்டுதான். இரண்டிலும் இடங்கள் குறைவு. இதைச் சொல்லாமல் மாணவர்களை ஆசை காட்டி இழுப்பது பாவம்.

படிப்பெல்லாம் வேண்டாம், அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு பொருளைப் பார்க்க வேண்டும். எதைப் பார்க்கலாம்?

எரே இபேஜி. ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் கூடுதலான மரப்பொம்மை. பல அருங்காட்சியகங்களில் இருக்கும். உலகிலேயே இரட்டைக் குழந்தைகள் மிக அதிகமாகப் பிறக்கும் மக்களில் யொருபாவினர் முன்னணியில் இருக்கிறார்கள். முதலில் பிறப்பது டைவோ, பிறகு வருவது கெஹிண்டே. ஆனால் கெஹிண்டேதான் மூத்தவர். உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரும்படி தம்பியையோ தங்கையையோ முன்னால் அனுப்பியவர். இரட்டையரில் ஒன்று இறந்துவிட்டால் இஃபாக் குறி கேட்டு, சிற்பியிடம் சொல்லி, அந்தக் குழந்தைக்காக ஒரு பொம்மை செய்வார்கள். தாய் அதைக் குளிப்பாட்டுவாள், உணவு ஊட்டுவாள், செம்மரப் பொடி பூசுவாள், மணி கட்டுவாள், உயிரோடிருக்கும் குழந்தையோடு சேர்த்துத் தூங்க வைப்பாள்.

தாம்சனின் அளவுகோல்களை வைத்துப் பாருங்கள். இறந்தது பச்சைக் குழந்தை. பொம்மையோ வளர்ந்த ஆண் அல்லது பெண். அது ஒடோ. வாய் மூடி அமைதியாக இருக்கும், அது இத்துத்து. பிறகு கண்ணையும் மூக்கையும் தேடுங்கள். பல பொம்மைகளில் அவை இருக்காது. சிற்பி கூர்மையாகத்தான் வெட்டியிருப்பான். கழுவிக் கழுவி, தடவித் தடவி அந்தத் தாயின் விரல்கள் முகத்தைத் தேய்த்திருக்கும். பெட்டியின் அடியில் உள்ள சீட்டில் 'தேய்மானம்' என்று எழுதியிருப்பார்கள்.